ஊதுபத்திப் புகை வளைந்த இடங்கள்

வளைகுடாவில் குளிரை அடைக்கிற வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. பாலைவனத்தில் என்னடா குளிர் என்று சிரிக்கிறார்கள். தகரக் கேபினில், கீழ்க்கட்டிலில் படுத்து, ஒரு தை மாதத்தைக் கழித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ராஸ் அல் கைமாவில் மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் கேம்ப். பக்கத்து டைல்ஸ் ஃபேக்டரி ஆட்கள் தங்குகிற இடம். கேபின்கள் எதுவும் மண்ணில் உட்கார்ந்திருக்காது. சிமெண்ட் கல்லை அடுக்கி, அதன் மேல் முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைத்திருப்பார்கள். குளிர்காலத்தில் மலையிலிருந்து இறங்குகிற காற்று அந்த இடைவெளியில் புகுந்து, பிளைவுட் இணைப்பு வழியாகவும் குழாய் போகிற ஓட்டை வழியாகவும் மேலே ஏறி, தரையில் ஒட்டிய வினைல் விரிப்பை லேசாக உப்ப வைத்துவிட்டு, கடைசியில் நம் முதுகுக்கு வந்து சேரும்.

அந்த ஓட்டைகளைத் தேடிப்பிடித்து அடைப்பது மெயின்டனன்ஸ் ஆளின் வேலை. எங்கள் கேம்ப்புக்கு அப்படி இரண்டு பேர். பகலுக்குப் பெனடிக்ட், இரவுக்கு நான். என் பெயர் மாயழகு, சிவகங்கைப் பக்கம். எனக்கு யாரும் தொழில் சொல்லிக்கொடுத்ததில்லை. மற்றவர்கள் செய்வதைப் பார்த்து, கெடுத்து, சரிபண்ணிக் கற்றதுதான். வந்த நாள் முதல் இரவு டியூட்டி. பெனடிக்ட் குமரிக் கடற்கரைக்காரன், என்னைவிட ரொம்ப இளையவன், ஐடிஐ படித்தவன். எனக்கு எவ்வளவோ பின்னால் வந்து நேராகப் பகலில் உட்கார்ந்தவன். எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை, இரவில் தூங்க வேண்டும். கேபின் வரிசைகளுக்கு நடுவே டார்ச்சோடு நடக்கும்போது உள்ளேயிருந்து குறட்டை கேட்கும். நேபாளிக் குறட்டை, பெங்காலிக் குறட்டை, நம்ம ஊர்க் குறட்டை. ஒவ்வொன்றின் மேலும் எனக்குத் தனித்தனியாகப் பொறாமை.

இந்தக் குளிர்காலம் தொடங்கியபோது கேம்ப் இன்சார்ஜ் அஷ்ரப் இக்காவிடம் பகல் டியூட்டி கேட்டேவிட்டேன். திருச்சூர்க்காரர், தமிழை நிதானமாகப் பேசுவார். "தரைக் கம்ப்ளெயிண்ட்தான் இப்போ எனக்குத் தலைவேதனை. உங்க ரெண்டு பேர்ல யார் அதைக் குறைக்கிறீங்களோ, குளிர் முடியும்போது பகல் டியூட்டி அவருக்கு" என்றார். அன்றிலிருந்து எந்த ஓட்டையைப் பார்த்தாலும் பகலுக்குப் போகிற வழியாகவே தெரிந்தது.

கட்டிலுக்கடியில் பூஜை

காற்று வருகிற இடம் கண்ணுக்குத் தெரியாது. கையை வைத்துப் பார்த்தால் தரை முழுக்க ஒரே மாதிரிதான் சில்லென்று இருக்கும். நானாகக் கண்டுபிடித்த வழி ஊதுபத்தி. கொளுத்தி, சுவர் ஓரமாகத் தரையை ஒட்டிப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகர வேண்டும். புகை நேராக எழும்பினால் அந்த இடம் நல்ல இடம். சாய்ந்தால் பக்கத்தில் எங்கோ கசிகிறது. படுத்துவிட்டால் ஓட்டை அங்கேயேதான்.

டிரைவர்கள் கேபினில் குல் கான் என்று ஒரு பட்டாணியர், பாறை மாதிரி ஆள். தன் கட்டிலில் படுத்தால் இடுப்பு உறைகிறது என்று சொல்லியிருந்தார். டியூட்டியில் ஏறின கையோடு முதல் வேலையாக அங்கே போனேன். கட்டிலுக்கடியில் தலையை விட்டு, பத்தியை ஏந்திக்கொண்டு, முட்டி போட்டு ஊர்ந்தேன். மூச்சு விட்டால் புகை கலையும் என்பதால் மூச்சையும் அடக்கிக்கொண்டேன். வெளியே டிவி சத்தம் திடீரென்று நின்றது. ஓட்டையைப் பிடித்து, டைல்ஸ் பெட்டி அட்டையை மடித்துத் திணித்து, மேலே சிலிக்கான் பூசிவிட்டு நிமிர்ந்தேன். அறையில் இருந்த எல்லோரும் டிவியை அணைத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மரியாதையாக எழுந்து நின்றார்கள். குல் கான் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பாய், உங்க பூஜை முடிஞ்சா நாங்க உட்காரலாமா?"

நம்பர் காட்டும் துப்பாக்கி

நான் பத்தியோடு ஊர்ந்துகொண்டிருந்த அதே வாரம் பெனடிக்ட் ஒரு டெம்பரேச்சர் கன் வாங்கிவந்தான். துப்பாக்கி மாதிரியே விசை. அழுத்தினால் தரையில் சிவப்புப் புள்ளி விழும், பின்னால் சின்னத் திரையில் அந்த இடத்தின் குளிர் எத்தனை டிகிரி என்று நம்பர் வரும். அதோடு தலையில் மாட்டுகிற லைட், முழங்காலுக்குப் பஞ்சு வைத்த உறை, கம்பெனியில் கேட்டு வாங்கின ஃபோம் ஸ்பிரே டப்பாக்கள். ஸ்பிரேயை அழுத்தினால் நுரை பொங்கி, ஓட்டையை நிறைத்து, இறுகி நிற்கிறது. நான் அட்டையையும் தெர்மோகோலையும் பிளேடால் சீவிச் சீவிச் செருகுகிற நேரத்தில் அவன் ஒரு கேபினை முடித்துவிட்டுப் போய்விடுவான். எரிச்சலாக இருந்தது. அதைவிட எரிச்சல், பார்க்கிற இடத்திலெல்லாம் "அண்ணே, உங்களுக்கும் ரெண்டு டப்பா எடுத்து வச்சிருக்கேன், கேட்டியளா" என்பான். ஒருவன் கெட்டவனாக இருந்தால் பொறாமைப்படுவது எவ்வளவு சுலபம்.

அஷ்ரப் இக்காவிடம் என் வேலையையும் காட்டிவிடுவது என்று, ஒருநாள் காலை டியூட்டி முடிந்ததும் அவரைப் பிடித்து ஒரு கேபினுக்குள் கூட்டிப்போனேன். பத்தியைக் கொளுத்தி, நான் அடைத்த மூலையில் பிடித்தேன். புகை ஆடாமல் அசையாமல் ஒரு நூல் மாதிரி மேலே போனது. எனக்கே கண் கலங்கியது, புகையினால் இல்லை. இக்கா ஒரு தும்மல் போட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லாருக்கு மாயழகு, பக்ஷே அவன் எனக்கு நம்பர் கொடுக்கிறான், உன் புகையை நான் எப்படி ஹெட் ஆஃபீஸுக்கு அனுப்புறது?"

பகலில் வரும் விருந்தாளி

எங்கள் கேம்ப்பில் சீனியர் என்றால் கீழ்க்கட்டில். ஜூனியர் என்றால் ஏணி ஏற வேண்டும். இதை யார் எழுதினார்கள் என்று தெரியாது, யாரும் மீறியதும் இல்லை. ஆனால் குளிர்காலத்தில் கீழே இருப்பவனுக்குத்தான் தரைக் காற்று. மேலே நேற்று வந்த பையன்கள் சட்டை இல்லாமல் கிடப்பார்கள். கட்டிலை மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்டுவிட முடியாது. கீழ்க்கட்டிலை விட்டுக்கொடுத்தால் சீனியாரிட்டியை விட்டுக்கொடுத்த மாதிரி. விறைத்தாலும் விறைப்பார்கள், ஏற மாட்டார்கள்.

என் அறையில் எனக்கு எதிர்க் கீழ்க்கட்டில் மன்னார்குடி கணேசனுடையது. பாய்க்கடியில் அட்டை, அதன் மேல் பழைய ஜமுக்காளம், காலுக்கு இரட்டைச் சாக்ஸ். "அண்ணே, ஊரு ரூமெல்லாம் பாக்குறீங்க, நம்ம ரூம்ல ஒருக்கா பத்தியக் கொளுத்துங்கண்ணே" என்று தினமும் நச்சரிப்பான். நானும் இந்த அறையில்தானே படுக்கிறேன். காலையில் வந்து விழுந்தால் தகரத்தில் வெயில் ஏறி, லுங்கியோடு கிடந்தாலே வியர்க்கிறது. பகலில் நான் தூங்குவதைப் பார்த்து இவனுக்கு வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன். மற்ற அறைகளை முடித்து பெனடிக்டை முந்த வேண்டும், இவனுக்கு எங்கே நேரம்? "எனக்கு ஒண்ணும் குளிரலையேப்பா" என்று சொல்லிவிட்டு ஷூவை மாட்டினேன். கணேசன் சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னான்: "உங்களுக்கு எப்படிண்ணே குளிரும், நீங்க இந்த ரூமுக்குப் பகல்ல வந்துட்டுப் போற விருந்தாளி."

கீழே பூனை உண்டு

ஸ்டோர் கணக்குப் பார்க்கும் எகிப்துக்காரர் ஒருவர் தனிக் கேபினில் இருக்கிறார், பெயர் ஹானி. அவர் ஹெட் ஆஃபீஸ் வரை பேசக்கூடியவர் என்பதால் அவர் தரையில் என் திறமை முழுவதையும் இறக்குவது என்று முடிவுசெய்தேன். உள்ளே அடைப்பதற்குப் பதில், கேபினுக்கு அடியில் காற்றே நுழையாமல் சுற்றிலும் சுவர் எழுப்பிவிட்டால்? ஃபேக்டரி வாசலில் உடைந்த டைல்ஸ் மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. தள்ளுவண்டியில் அள்ளி வந்து, கலவை வைத்து, நாலு பக்கமும் அடுக்கினேன். பூப்போட்ட டைல்ஸ், மரக்கலர் டைல்ஸ், குளியலறை நீலம். விடிவதற்குள் கேபின் பாவாடை கட்டிய மாதிரி நின்றது. பெனடிக்ட் டியூட்டிக்கு வரும்போது கண்ணில் படட்டும் என்று அந்தப் பக்கத்துக்கு நல்ல டைல்ஸாகப் பொறுக்கி வைத்திருந்தேன்.

நான் தூங்கி எழுந்து மாலையில் வந்தால் ஹானியின் கேபினைச் சுற்றிக் கூட்டம். தரைக்கடியில் குட்டி போட்டிருந்த பூனையைக் குடும்பத்தோடு வைத்துக் கட்டிவிட்டிருக்கிறேன். பகல் முழுக்க ஹானியின் கட்டிலுக்கடியிலிருந்து அழுகைச் சத்தம் வந்திருக்கிறது. பெனடிக்ட் குப்புறப் படுத்து, காற்றடிக்காத பக்கத்தில் ஒரே ஒரு டைலைப் பெயர்த்து, குட்டிகளுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். சுற்றிலும் ஃபோனில் படம் பிடிக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் எல்லோரிடமும் உரக்கச் சொன்னான், சுவர் மாயழகு அண்ணன் கட்டினது, அருமையான வேலை, ஈரம் வெளியே போக ஒரு ஓட்டை மட்டும் வேணும், நான் ஒரு கல்லத்தான் எடுத்தேன் என்று. அந்தப் பெருந்தன்மையை என்னால் தாங்க முடியவில்லை. ஹானி மட்டும் குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து, தோளில் தட்டி, இந்தியையும் அரபியையும் கலந்து எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்: "குட் ஜாப் சதீக், டண்டா மாஃபி, பில்லி ஃபீ." நல்ல வேலை நண்பா, குளிர் இல்லை, பூனை உண்டு.

தவழ்கிற பிள்ளை

பெனடிக்டுக்குக் குடும்பம் இங்கேயே. மனைவி ஷீலா ஒரு கிளினிக்கில் நர்ஸ். பழைய வீடு ஒன்றின் முற்றத்தில், பலகையால் கட்டிச் சேர்த்த ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். அதற்கும் எங்கள் கேபின் மாதிரியே தூக்கி வைத்த பிளைவுட் தரை. பிள்ளை தவழ ஆரம்பித்திருந்தது. தரையில் விட்டாலே மூக்கு ஒழுகுகிறது என்று அவனும் நுரை அடித்துப் பார்த்திருக்கிறான், தீரவில்லை. "அண்ணே, உங்க பத்தியோட ஒருநா வீட்டுக்கு வாங்களேன்" என்று மெஸ்ஸில் எல்லோர் முன்னாலும் கேட்டான். மறுக்க முடியுமா?

லீவு நாளில் போனேன். வாசலில் சின்னச் சின்னத் துணிகள் காய்ந்தன. உள்ளே மீன்குழம்பு வாசனை. அலமாரியில் இரண்டு டீ கப், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. கேம்ப்பில் என் கப் தனியாக ஆணியில் தொங்கும். அந்த இரண்டு கப்பையும் நான் அதிக நேரம் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது, ஷீலா டீ போடப் போய்விட்டாள். பெனடிக்ட் துப்பாக்கியை நீட்டினான். சுவர் ஓரம் முழுக்க நம்பர் கீழே இறங்கியது. எங்கே குளிர் என்று அது சொல்லிவிட்டது, எங்கிருந்து வருகிறது என்று சொல்லவில்லை. நான் பத்தியோடு அவன் காட்டிய ஓரமாகவே நகர்ந்தேன். அலமாரிக்குப் பின்னால், பலகை அறை பழைய வீட்டுச் சுவரோடு சேர்கிற இடத்தில், புகை படுத்தேவிட்டது. அலமாரியை நகர்த்தினால் விரல் நுழைகிற பிளவு. அவன் நுரையை அடிக்க, நான் பலகைப் பட்டையைச் சீவி வைத்து ஆணி அறைந்தேன். அவன் கை இருக்கிற இடத்தில் என் கை இல்லாமல், என் கை இருக்கிற இடத்தில் அவன் கை இல்லாமல், பேச்சே இல்லாமல் வேலை ஓடியது. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதே எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியாக நான் எப்போதும் செய்கிற சோதனை ஒன்று உண்டு. கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துப் பார்ப்பேன். கையைவிடக் கன்னத்துக்குக் காற்று நன்றாகத் தெரியும். அப்படிப் படுத்திருக்கும்போது பிள்ளை தவழ்ந்து வந்து, என் முகத்துக்கு நேராகத் தானும் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தது. என் மகள் தவழ்ந்ததை நான் ஃபோனில்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் பாதியில் நின்று நின்று போகிற வீடியோவில். டீயோடு வந்த ஷீலா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "உங்க மகளும் இப்படித்தான் உங்க முன்னால வந்து படுத்திருப்பா, இல்லியாண்ணா?"

தீர்ப்பு

குளிர் தளர ஆரம்பித்ததும் அஷ்ரப் இக்கா என்னைக் கூப்பிட்டார். சட்டையை மாற்றிக்கொண்டு போனேன். நான் அடைத்த கேபின்கள், அவன் அடைத்த கேபின்கள் என்று மனதுக்குள் வாதம் தயாராக இருந்தது. பூனை விஷயம் வந்தால் என்ன சொல்வது என்பதுகூட யோசித்து வைத்திருந்தேன். இக்கா நாற்காலியைக் காட்டினார், நான் உட்காரவில்லை. இவர் உட்காரச் சொன்னால் கெட்ட செய்தி என்று கேம்ப்பில் எல்லோருக்கும் தெரியும்.

விஷயம் இதுதான். ஷீலாவுக்கு கிளினிக்கில் பகல் டியூட்டி. பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா ஊருக்குத் திரும்புகிறார். பகலில் பிள்ளையோடு இருக்க யாராவது வேண்டும் என்று பெனடிக்ட் தானாகவே வந்து இரவு டியூட்டி கேட்டிருக்கிறான். குளிர்காலம் முழுக்க நான் அட்டையும் தெர்மோகோலும் சீவியதெல்லாம், ஓடாத ஆளோடு ஓடிய பந்தயம். இக்கா டீ கிளாஸை என் பக்கம் நகர்த்திச் சொன்னார்: "சந்தோஷமா இரு மாயழகு, பகல் டியூட்டி உனக்குத்தான், அவனுக்கு வேண்டாமாம்."

என் கட்டில்

எப்படி வந்தால் என்ன, பகல் வந்துவிட்டது. என் பத்திக் கட்டைப் பெனடிக்டிடம் ஒப்படைத்தேன். முதல் நாள் வேலை முடிந்து, அறைக்காரர்களோடு வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டு, வெளிச்சத்தை அணைக்கும்போது மற்றவர்களோடு சேர்ந்து நானும் படுத்தேன். வெளிச்சத்தை வேறொருவர் அணைக்க நான் படுத்துக் கிடப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று பகலில் தூங்கியவர்களுக்குத்தான் தெரியும். அன்றைக்குப் பார்த்து, போன குளிர் மிச்சத்தை எடுக்க வந்த மாதிரி மலைக்காற்று திரும்பி வந்தது. கண் அசருகிற நேரத்தில் முதுகில் ஒரு கம்பி ஓடினது போல இருந்தது. திரும்பிப் படுத்தால் விலாவில். சட்டை போட்டேன், ஜெர்கின் போட்டேன், கடைசியில் துண்டைக் காலில் சுற்றினேன். எதிர்க்கட்டிலிலிருந்து கணேசன் இருட்டில் தன் இரண்டாவது சாக்ஸ் ஜோடியை என் மேல் எறிந்தான்.

மறுநாள் மாலை பெனடிக்ட் டியூட்டிக்கு ஏறியதும் நானே போய்க் கம்ப்ளெயிண்ட் சொன்னேன். ஒரு கையில் துப்பாக்கி, ஒரு கையில் என் பத்தியோடு வந்தான். கணேசன் ஓரத்தில் புகை சாய்ந்தது. என் கட்டிலை நோக்கி வர வரக் குனிந்தது. கட்டிலுக்கடியில் ஊருக்குக் கொண்டுபோகச் சேர்த்து வைத்திருக்கும் அட்டைப்பெட்டியை இழுத்ததும் பத்தியே அணைந்துவிட்டது. எந்தக் காலத்திலோ குழாயைப் பிடுங்கிவிட்டு மூடாமல் விட்ட ஓட்டை. ஒரு டம்ளர் உள்ளே இறங்கும். அறை முழுக்க எல்லோரும் விறைத்ததற்கு அதுதான் வாசல். பெனடிக்ட் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டான், இது ரொம்பப் பழைய ஓட்டையாச்சே அண்ணே, இவ்வளவு காலமா இதுக்கு மேல யாரு படுத்திருந்தா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் கணேசன் எனக்காகப் பதில் சொன்னான்: "நல்ல மெயின்டனன்ஸ் ஆளு ஒருத்தருதான் தம்பி, ராத்திரியில மட்டும் கேம்ப் பூரா ஓட்டை தேடப் போயிருவாரு."

இப்போது என் தரை கதகதப்பாக இருக்கிறது, இரவில் தூக்கமும் வருகிறது. பகலெல்லாம் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிற பெனடிக்டை நினைத்தால் மட்டும் எங்கிருந்தோ லேசாக ஒரு காற்று வருகிறது.